ஊற்றாமல் கூடிய ஆயில்

உ
முருகன் துணை

தொண்டாமுத்தூர்
12-3-1995, ஞாயிறு

அன்புத் தம்பி ஈஸ்வரமூர்த்திக்கு அக்கா மாரியாத்தாள் எழுதுவது.

போன புதன்கிழமை காலை எட்டரை மணிக்கு உன் டிராக்டரின் ஆயிலைச் சோதித்துப் பார்த்தோம். அப்போது வண்டி நிற்கும் எங்கள் தோட்டத்துச் சாளையில் இருந்தவர்கள் நான், உன் மச்சான், கணபதியிலிருந்து பஸ் ஏறி வந்த மெக்கானிக் ராமுலு, ஆக மூன்று பேர். பால் ஊற்ற வந்தவர் தலையை மட்டும் நீட்டிவிட்டுப் போனார், அவரைச் சேர்க்கவில்லை. பிற்பாடு யாராவது வேறு விதமாகச் சொன்னால் உனக்குக் குழப்பம் வரக்கூடாது என்று இதை முதலிலேயே எழுதிவிட்டேன்.

நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று கேட்டால் 'சாப்பிடுகிறேன்' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறாய். என்ன சாப்பிட்டாய் என்று எழுதினால் மஸ்கட்டில் தாள் என்ன தீர்ந்தா போய்விடும்? எங்களுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. போன வாரம் யானை இரண்டு இறங்கி வந்து வேலியோரத்து வாழையைத் தின்றுவிட்டுப் போயின. சாளைப் பக்கம் வரவில்லை. உன் வண்டி பத்திரம்.

விஷயத்துக்கு வருகிறேன். போன வருஷம் மார்ச் பத்தாம் தேதி புது ஆயில் ஊற்றும்போது மீட்டரில் 139 மணி. இப்போது 200. உன் இரண்டு ஏக்கர் காட்டையும் எங்கள் தோட்டத்தையும் தவிர வண்டிக்கு வேறு வேலை இல்லாததால் வருஷம் முழுக்க 61 மணி நேரம்தான் ஓடியிருக்கிறது. புத்தகத்தில் 250 மணிக்கு ஒரு தடவை ஆயில் மாற்றச் சொல்லியிருக்கிறது. ஆனால் சும்மா இருக்கும் நல்லெண்ணெயே ஒரு வருஷத்தில் சிக்கு வாடை அடிக்கிறதே, இது எப்படி இருக்குமோ என்று எனக்கு மனசு கேட்கவில்லை. அதனால்தான் ராமுலுவை வரச் சொன்னேன்.

அவர் அளவு கம்பியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்தார். ஆயில் மேல்கோட்டையும் தாண்டி ஒரு விரற்கடை ஏறி நின்றது. நடுவில் நாங்கள் ஒரு சொட்டுக்கூட ஊற்றவில்லை. ஊற்றாமலே கூடியிருக்கிறதே முருகா என்று நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். ராமுலுவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"அம்மணி, நெய் கூடினா கும்புடலாமுங்க. ஆயில் கூடினா கும்புடக் கூடாதுங்க" என்றார். பிறகு ஆயில் ஊற்றும் மூடியைத் திருகி என்னிடம் காட்டினார். அதன் அடியில் வெண்ணெய் மாதிரி வெள்ளையாக அப்பியிருந்தது. "தண்ணி எறங்கியிருக்குதுங்க. சேத்துல உட்டு ஓட்டுனீங்களா, கந்தப்பண்ணா?"

"சேத்துக்கு நா எங்கய்யா போவேன்? தென்னைக்கே தண்ணிய அளந்து உடறேன்" என்றார் உன் மச்சான்.

"அப்படீன்னா எஞ்சின் ஹெட்டைக் கழட்டிப் பாக்கோணுங்க."

"நல்லா ஓடற வண்டிக்கு ஹெட்டைக் கழட்டறதா? நீ மொதல்ல டீயக் குடி."

ஆக வேலை அத்தோடு நின்றது. 61 மணிக்கு ஆயில் எதற்கு, புத்தகம் எழுதினவன் முட்டாளா என்பது உன் மச்சான் கட்சி. லாரிக்கு ஊற்றுகிற நாற்பதாம் நம்பர் ஆயிலே போதும், பில்டரை டீசலில் அலசி மாட்டிவிடலாம் என்பது ராமுலு. நான் வெள்ளிக்கிழமை டவுனுக்குப் போனபோது பஷீர் பாய் கடையில் விசாரித்தேன். அவர் 15 டபிள்யூ 40 என்று ஒரு டின்னை எடுத்து வைத்தார். "காலையில குளுருக்கும் மத்தியான வெயிலுக்கும் ஒரே ஆயில் தாங்குமுங்க" என்றார். பில்டரில் இரண்டு இருக்கிறது. ஒன்று கம்பெனிப் பெட்டியில், இன்னொன்று பாதி விலையில் வெறும் பாலிதீன் கவரில். "கவர்ல இருக்கறத நா விப்பனுங்க, ஆனா எங்க ஊட்டு வண்டிக்குப் போடமாட்டேன்" என்று அவரே சொல்லிவிட்டார்.

எந்த ஆயில், எந்த பில்டர், இப்போதே மாற்றுவதா இல்லையா என்று நீ சொல்கிறபடி செய்கிறேன். ஹெட்டை மட்டும் நீ சொல்லாமல் யாரையும் தொட விடமாட்டேன்.

உன் கடிதம் வரும் நாளை எண்ணிக்கொண்டிருக்கும்,
அக்கா


மஸ்கட்
29-3-1995

பாசமுள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. நேற்று ராத்திரி சோறும் பருப்பும் முட்டைப் பொரியலும். இன்றைக்குக் காலையில் ரொட்டி. போதுமா?

பஷீர் பாய் சொன்னதுதான் சரி. 15 டபிள்யூ 40 வாங்குங்கள். டின்னில் டீசல் எஞ்சினுக்கு என்று போட்டிருக்கிறதா, மூடியின் சீல் உடையாமல் இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். பில்டர் கம்பெனிப் பெட்டியில் இருப்பதே வேண்டும். அலசி மாட்டுகிற வேலை வேண்டாம். காகிதத்தை அலசினால் காகிதமாகவா இருக்கும்? மச்சானிடம் சொல்லுங்கள், 250 மணி என்பது தினமும் ஓடுகிற வண்டிக்கு. குறைவாக ஓடுகிற வண்டிக்கு மணிக்கணக்கு கிடையாது, வருஷக் கணக்குதான். நின்றாலும் ஆயில் கெடும். இந்த விஷயத்தில் மச்சானைவிட நீங்கள் நினைத்ததே சரி.

ஆனால் அக்கா, ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். எனக்கு எஞ்சின் பார்ப்பதுதான் பிழைப்பு. 61 மணி உழுத வண்டியில் ஆயில் அளவு கூடி, மூடியில் வெள்ளை அப்பாது. தண்ணீரில் நிறுத்திச் சேற்றுழவு ஓட்டினால் அப்பும். அப்படி ஓட்ட நம் காட்டில் நெல் இல்லை. மற்றவர் வயலில் இருக்கிறது. மணி ஏறாமல் இருக்க மீட்டர் கேபிளைக் கழற்றி வைத்துவிட்டு ஓட்டுவது இரண்டு நிமிஷ வேலை, இங்கே டிரைவர்கள் தினமும் செய்வதுதான். மச்சான் நாலு பேருக்கு வாடகைக்கு ஓட்டியிருந்தால் எனக்கு அதில் வருத்தமே இல்லை. மறைத்ததுதான் வருத்தம். இருந்தால் இருக்கிறது என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். வண்டியை வேறு இடத்தில் நிறுத்துவதா என்று அப்புறம் யோசிக்கலாம்.

ரசப்பொடி தீர்ந்துவிட்டது. வருகிறவர்கள் யாரிடமாவது கொடுத்துவிடுங்கள். மச்சானைக் கேட்டதாகச் சொல்லவும்.

உங்கள் தம்பி
ஈஸ்வரமூர்த்தி


உ
முருகன் துணை

தொண்டாமுத்தூர்
16-4-1995

தம்பிக்கு,

உன் கடிதம் வந்தால் சாமி படத்துக்கு அடியில் வைத்து எடுத்து, உன் மச்சான் சாப்பிடும்போது உட்கார்ந்து சத்தமாகப் படிப்பது என் வழக்கம். முன்கூட்டித் தனியாகப் படிப்பதில்லை. படித்துவிட்டுப் படித்தால் ருசி போய்விடும் என்று அப்படியே வைத்திருப்பேன். உனக்கும் அது தெரியும்.

இந்தத் தடவையும் அப்படித்தான் படித்தேன். மீட்டர் கேபிள் வரை என் வாயாலேயே படித்தேன். படித்து முடித்த பிறகுதான் என்ன படித்தேன் என்று எனக்கே உறைத்தது.

அவர் தட்டில் இருந்ததைச் சாப்பிட்டு முடித்தார். ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை. கை கழுவினார். வண்டிச் சாவியைக் கொண்டுவந்து முருகன் படத்து ஆணியில் மாட்டினார். "இந்தா பாரு அம்மணி, இனிமேப்பட்டு அந்த வண்டிய நாந் தொடமாட்டேன். உன்ற தம்பிய வேற சாளை பாத்து நிறுத்திக்கச் சொல்லிப்போடு" என்றார். அவ்வளவுதான். மூன்று நாளாக என்னோடு பேசுகிறார், சிரிக்கிறார், காப்பி நன்றாக இருக்கிறது என்கிறார். உன் பேரை மட்டும் எடுப்பதில்லை. நான் எடுத்தால் எழுந்து மோட்டார் ரூமுக்குப் போய்விடுகிறார்.

தம்பி, நான் ஐந்தாவதோடு நின்றவள். எஞ்சின் படித்தவள் இல்லை. ஆனால் வண்டி வந்த நாள் முதல் அது ஓடிய ஒவ்வொரு மணியும் என் நோட்டில் இருக்கிறது. தேதி, எந்தக் காடு, ஏறினது எத்தனை மணிக்கு, இறங்கினது எத்தனை மணிக்கு. இந்த வருஷம் கூட்டினால் ஐம்பத்தெட்டரை வருகிறது. மீட்டர் 61 என்கிறது. இடையில் உள்ள இரண்டரை எங்கே என்று நீ கேட்பதற்கு முன் நானே சொல்கிறேன். அது வெள்ளிக்கிழமை. நீ போகும்போது, "வாரத்துக்கு ஒருக்கா ஸ்டார்ட் பண்ணி உடுங்கக்கா, சும்மா நின்னா கெட்டுப்போயிரும்" என்றாய் அல்லவா? அதை ஒரு வாரம்கூட நான் தவறவிட்டதில்லை. வெள்ளிக்கிழமை குளித்துவிட்டு, வண்டிக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, சாவியைத் திருப்பிவிட்டு, முன்னால் இரண்டு கட்டிக் கற்பூரம் ஏற்றுவேன். கற்பூரம் அணைந்ததும் நிறுத்திவிடுவேன். மூன்று நிமிஷம் வரும். உன் பேருக்குத்தான் அந்தக் கற்பூரம். நீ எஞ்சினோடு கிடப்பவன், உனக்கு அதன் முன்னால் வேண்டிக்கொண்டால்தான் சரி என்று எனக்கு ஒரு நினைப்பு. அது ஓட்டம் இல்லை, பூஜை. அதனால் நோட்டில் ஏற்றவில்லை.

நேற்று நானே ஸ்பானர் எடுத்துக்கொண்டு போனேன். காற்று பில்டரின் கிண்ணத்தைக் கழற்றிப் பார்த்தேன். அடியில் படிந்த மண் ஒரு தேக்கரண்டி தேறாது. ஊரெல்லாம் உழுத வண்டியாக இருந்தால் அங்கே எத்தனை மண் இருக்கும் என்று உனக்குத் தெரியும். ரேடியேட்டரில் ஒரு டம்ளர் தண்ணீர்கூடக் குறையவில்லை. பிறகு உன் இஷ்டம்.

ஆயில் இன்னும் மாற்றவில்லை. ரசப்பொடி அரைத்து வைத்திருக்கிறேன்.

மாரியாத்தாள்


மஸ்கட்
3-5-1995

அக்கா,

கடிதத்தை மூன்று தடவை படித்தேன். அடியில் 'அக்கா' என்று போடாமல் பேரைப் போட்டிருந்தீர்கள். அதை மட்டும் நாலு தடவை படித்தேன்.

தப்பு முழுக்க என்னுடையது. மச்சான் பேரில் இல்லை, உங்கள் பேரிலும் இல்லை. எஞ்சின் சூடேறாமல் மூன்று நிமிஷத்தில் நிறுத்தினால், எரியாத டீசல் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே ஆயிலில் இறங்கும். எரிந்த டீசலின் ஆவி வெளியே போகாமல் உள்ளேயே தண்ணீராகக் குளிர்ந்து நிற்கும். அந்தத் தண்ணீர்தான் மூடியில் வெண்ணெயாக அப்பியது. அந்த டீசல்தான் ஊற்றாமல் கூடியது. ஐம்பத்திரண்டு வெள்ளிக்கிழமையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்திருக்கிறது. காட்டு வேலைக்கும் அரை மணி, முக்கால் மணி என்றுதான் வண்டி எடுத்திருப்பீர்கள், அதில் இத்தனையும் வற்றியிருக்காது.

இதில் பெரிய வெட்கம் என்னவென்றால், எனக்கு இங்கே வேலையே ஆஸ்பத்திரி ஜெனரேட்டரைப் பார்ப்பது. கரண்ட் போனால் மட்டும் ஓடுகிற எஞ்சின். அதை மாதம் ஒரு முறை அரை மணி நேரம் லோடு கொடுத்து ஓட்ட வேண்டும், வெறுமனே ஸ்டார்ட் செய்து நிறுத்தக் கூடாது என்று என் கையாலேயே எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். ஊரில் உங்களிடம் மட்டும் அரை வாக்கியம் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். மச்சானைப் பற்றி நினைக்க எனக்கு ஒரு நிமிஷம் ஆகவில்லை. சுவரில் இருப்பது நினைவுக்கு வர ஒரு மாதம் ஆகிவிட்டது.

ஹெட்டைத் திறக்க வேண்டாம். ராமுலுவை வைத்து இப்படிச் செய்யச் சொல்லுங்கள். பழைய ஆயிலைச் சூடாக இருக்கும்போதே வடிக்க வேண்டும், அப்போதுதான் கசடு சேர்ந்து வரும். ஆயில் பில்டர் புதிது. டீசல் பில்டர் இரண்டும் வருஷம் ஆகிவிட்டது, அவையும் புதிது. 15 டபிள்யூ 40 மேல்கோடு வரை, அதற்கு மேல் ஒரு சொட்டு வேண்டாம். பிறகு டிரெயிலரில் பாரம் ஏற்றி, சூட்டு முள் நடுவுக்கு வந்த பிறகும் அரை மணி ஓட்டச் சொல்லுங்கள். இனிமேல் மாதம் ஒரு தடவை இப்படி ஓட்டினால் போதும். வெள்ளிக்கிழமை சாவியைத் திருப்ப வேண்டாம். கற்பூரம் ஏற்றலாம், அதனால் ஆயில் கெடாது.

மச்சானிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள். வண்டியைத் தயவுசெய்து அவரே ஓட்டட்டும். உங்கள் சாளையை விட்டால் அதை நிறுத்த எனக்கு வேறு இடமும் இல்லை, மனசும் இல்லை.

தப்புச் செய்த தம்பி
ஈஸ்வரமூர்த்தி


உ
முருகன் துணை

தொண்டாமுத்தூர்
28-5-1995, ஞாயிறு

கண்ணு ஈஸ்வரமூர்த்திக்கு,

உன்மேல் எனக்கு இருந்த வருத்தம் உன் கடிதத்தைப் பார்த்த அன்றே கரைந்துவிட்டது. இந்தத் தடவை முதலில் தனியாகப் படித்தேன். நல்லவேளை, அழுததை யாரும் பார்க்கவில்லை.

ஆயில் மாற்றிவிட்டோம். பஷீர் பாய் சீல் உடையாத டின்னைக் கொடுத்து, "தம்பிக்கு என்ற சலாம் எழுதுங்க. கடைசீல நாஞ் சொன்னதத்தான மஸ்கட்டும் சொல்லுது!" என்றார். வடித்த ஆயிலை நீ பார்க்க வேண்டுமே, சாம்பல் கரைத்த மோர் மாதிரி இருந்தது. மூக்கருகில் கொண்டுபோனால் டீசல் வாடை.

உன் மச்சான் தென்னைக்கு அடியில் கட்டிலைப் போட்டு, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பேப்பர் படித்தார். ராமுலு புது பில்டரைத் திருகப் போகும் சமயத்தில் பேப்பருக்குள்ளிருந்து சத்தம் வந்தது.

"ராமுலு, பழைய ரப்பர் வளையம் பில்டரோட வந்துச்சா, அங்கியே ஒட்டிக்கிட்டு நிக்குதா?"

ராமுலு விரலை விட்டுத் தடவினார். ஒட்டிக்கொண்டுதான் இருந்தது. அதன்மேலேயே புதியதை மாட்டியிருந்தால் அத்தனை ஆயிலும் ரோட்டில் போயிருக்கும்.

"தொடமாட்டேன்னு சொன்னவருக்கு வாய் மட்டும் சும்மா இருக்காதுங்களா?" என்றேன்.

"தொடமாட்டேன்னுதான் சொன்னேன். பேசமாட்டேன்னு சொன்னனா?" என்று பக்கத்தைத் திருப்பினார்.

தேங்காய் மட்டையை டிரெயிலர் நிறைய ஏற்றி ராமுலுதான் நரசீபுரம் ரோட்டில் போய்த் திரும்பினார். முள் நடுவில் நின்றது. இரண்டு நாள் கழித்து மூடியைத் திறந்து பார்த்தேன், வெள்ளை இல்லை. எஞ்சினுக்கு ஒன்றும் இல்லை, தம்பி. வெள்ளிக்கிழமை இப்போது கற்பூரம் மட்டும் எரிகிறது. சத்தம் இல்லாமல் கும்பிடுவது பாதியில் எழுந்து வந்த மாதிரி இருக்கிறது. பழகிக்கொள்வேன்.

ஆனால் சாவி இன்னும் ஆணியில்தான் தொங்குகிறது. போன வாரம் நல்ல மழை. எங்கள் தோட்டத்துக்கு அவர் வாடகை வண்டி கூப்பிட்டு உழுதார். சொந்தச் சாளையில் ஒரு வண்டி நிற்கும்போது வேறு வண்டி வந்து உழுவதை ஊரே நின்று பார்த்தது. உன் காட்டை யாரும் தொடவில்லை. புல் முழங்கால் அளவு வந்துவிட்டது. ஆடி பிறக்க ஏழு வாரம்தான் இருக்கிறது. அதற்குள் இரண்டு உழவாவது போடாவிட்டால் இந்த வருஷம் உன் காட்டில் சோளம் கிடையாது.

நீ மன்னிப்புக் கேட்டதை நான் படித்துக் காட்டாமல் இருப்பேனா? இரண்டு தடவை படித்தேன். கேட்டு முடித்ததும் அவர் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் எழுதுகிறேன்.

"மன்னிப்புங்கூட உன்ற பேருக்குத்தான் அனுப்பறான் பாரு. ஏழு வருசமா மஸ்கட்டுல இருந்து லெட்டர் வருது. அதுல எனக்குன்னு வாரது 'மச்சானைக் கேட்டதாகச் சொல்லவும்'ங்கற ஒரு வரி. சந்தேகப்பட்டான், சரி. என்னையக் கேட்டானா? 'மச்சா, கேபிளக் கழட்டுனீங்களா'ன்னு எனக்கொரு லெட்டர் போட்டிருந்தான்னா, நாலு வசவு வெச்சுப் பதில் எழுதிப்போட்டு அடுத்த நாளே மறந்திருப்பேன். அவன் காட்டையும் நாந்தா உழுவறேன், அவன் வண்டிக்கு யான வருதான்னு நாந்தா முழிச்சுக்கிட்டுக் கிடக்கறேன். இந்த ஊட்டுல நா ஒருத்தன் இருக்கறனா, இல்லையா?"

அதில் என் தப்பும் இருக்கிறது. உறையின்மேல் வெளிநாட்டு முத்திரையோடு என் பேர் வருவதில் எனக்கு ஒரு பெருமை. தபால்காரர் 'அம்மணி, மஸ்கட்டு' என்று கூப்பிட்டுக் கொடுப்பார். அவருக்கும் ஒன்று எழுது என்று உன்னிடம் நான் ஒரு நாளும் சொன்னதில்லை. படித்துக் காட்டினால் போதும் என்று இருந்துவிட்டேன்.

அதனால் இந்தக் கடிதத்துக்கு எனக்குப் பதில் வேண்டாம். உறையின்மேல் அவர் பேரை எழுது, அவர் அப்பா பேரின் முதல் எழுத்தோடு முழுசாக எழுது. உள்ளே மன்னிப்பெல்லாம் நீட்ட வேண்டாம், அவருக்கு அது கூச்சம். காட்டில் ஈரம் எப்படி, எப்போது உழலாம், என்ன விதைக்கலாம் என்று அவரைக் கேள். வண்டியை எடுத்து உழுது கொடுங்கள் மச்சான் என்று உன் வாயால் கேள். எனக்குச் சொல்ல ஏதாவது இருந்தால், கடைசியில் 'அக்காவைக் கேட்டதாகச் சொல்லவும்' என்று ஒரு வரி போடு, எனக்கு அது போதும்.

கடிதம் வந்து சேரப் பதினைந்து நாள் ஆகிறது. இன்றைக்கே உட்கார்ந்து எழுது. சீக்கிரம் பதில் போடு.

அக்கா